பத்தொன்பது வீடு

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்கு எதிரே
டீக்கடை பெஞ்சில் கூட்டிப் பார்க்கிறேன்.
காய்ச்சலென்றால் பொள்ளாச்சி போகும் வீடு எழுபத்துநாலு,
சித்தூர் போகும் வீடு ஐம்பத்தெட்டு.
ஆக, நூற்று முப்பத்திரண்டு.
நான் ஏறி இறங்கியதோ
நூற்றிருபது வாசல்.

"மீதிப் பன்னிரண்டை நீயே கட்டினாயா?"
போனில் சிரிக்கிறார் சூப்பர்வைசர் ஸ்ரீதரன்.

கணக்குத்தாள் மேல் டம்ளரின் ஈர வட்டம்.
தூக்கிச் சற்றே தள்ளி வைத்தேன்.
இன்னொரு வட்டம்,
முதலாவதைக் கடித்துக்கொண்டு.

கடிபட்ட இடத்தில் முப்பத்தொன்று:
எந்த பஸ் முதலில் வருகிறதோ
அந்த ஊர் டாக்டர்.
இரண்டு பட்டியலிலும் இருமியது இவர்கள்தான்.
ஒருமுறை கழித்தேன். நூற்றொன்று.

முடிந்ததென்று சில்லறை தேடும்போதுதான்
தாளின் மூலையைப் பார்த்தேன்,
ஈரம் படாத மூலை.
அங்கே பத்தொன்பது.

செங்கல் சூளையை ஒட்டி ஆறு குடிசை.
மரத்திலிருந்து விழுந்து
ஆடிமாதம் முதல் படுத்திருக்கும் மருதாசலம்.
"வந்த காய்ச்சல் தானாப் போகும் கண்ணு"
என்று கதவைச் சாத்திய வேலாத்தாள்;
இரண்டு ஊர் பஸ்ஸும்
அவள் வாசலில் புழுதி கிளப்பித்தான் போகின்றன.

படிவத்தில் இவர்களுக்குக் கட்டம் இல்லை.

இன்னொரு டீ சொன்னேன்.