சொல்லுக்கு ஒன்றேகால்

ஜெனரல் ட்ரோவிக் தமிழில் பேச வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.
மகாராஜநகரில், உழவர்சந்தைக்குப் பின்னால்,
மாடி அறையில் உட்கார்ந்து
அவனுக்கு வாய் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டில் அவன் செய்வது இவ்வளவுதான்:
சொந்தப் படையின் பூட்சை எதிரிக்கு விற்கிறான்.
காயத்துக்கு வந்த மருந்தை
டீசலாக மாற்றுகிறான்.
பனிமலையில் செத்த நாற்பத்தோரு பேரைப்
பட்டியலில் சாகவிடாமல் வைத்து
மாதாமாதம் அவர்கள் சம்பளத்துக்குக் கையெழுத்திடுகிறான்.
பதினாலாம் கட்டத்தில் அவனைச் சுட வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் குறிப்பு அனுப்பியிருந்தார்கள்:
கர்ஜிக்க வேண்டும். பேய்ச்சிரிப்பு வேண்டும்.
வில்லன் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

நான் பார்த்த எவரும் கர்ஜித்ததில்லை.
மும்முனை மின்சாரத்துக்கு நடையாய் நடந்த
ஏழு மாதத்தில்
சந்தனப் பொட்டு வைத்த அந்த மனிதர்
ஒருநாள் குரல் உயர்த்தவில்லை.
"உக்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கிய.
தண்ணி குடிக்கியளா?"
பிறகு மேசை இழுப்பறையை
ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு
ஜன்னல் வழியே
வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கைப்பையைத் திறந்தேன்.
அந்த ஒரு சாணுக்கு
எந்த அகராதியிலும் சொல் இல்லை.

அதனால் ட்ரோவிக் என்னிடம் வந்து இளகிவிட்டான்.
'நசுக்கிவிடுவேன் புழுவே' என்று உறும வேண்டிய இடத்தில்
"சாப்ட்டியளா தம்பி" என்றான்.
மருந்துக் கணக்கைக் கேட்ட லெப்டினன்டிடம்
"எல்லாம் மேல வரைக்கும் போவுதுல்லா,
நமக்கு என்ன மிஞ்சுங்கிய?" என்று
பாவமாகக் கேட்டான்.

குரல் கொடுத்தவர் இசக்கியப்பன்.
வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில்
ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு நடுவே
பாபநாசம் வண்டி கிளம்புவதைச் சொல்பவர்.
வண்ணார்பேட்டை பிளக்ஸ் கடைக்கு மேலே
முட்டை அட்டை ஒட்டிய அறையில்
ஒரே மூச்சில் பேசி முடித்தார்.
வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இவன் கெட்டவன்தானா?
எங்க மச்சினன் மாரில்லா பேசுதான்."

இதையும் எழுதிவிடுகிறேன்.
எனக்குக் கூலி, தமிழில் எண்ணி,
சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்.
சாகும்போது மூலத்தில் அவனுக்கு இரண்டே சொல்.
நான் பதினொன்று வைத்தேன்:
"கொஞ்சம் பொறுங்க தம்பி, பேசித் தீத்துக்கிடலாம்.
ஒங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."
அது கதைக்கு வேண்டியிருந்தது.
மற்ற இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.
முடித்துக் கூட்டிப் பார்த்தபோது
நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள்
ஒரு வேலையும் செய்யாமல்
பட்டியலில் உயிரோடு நின்றன.
எண்ணிக்கையை அப்படியே அனுப்பினேன்.
பணம் ஒன்பதாம் நாள் வந்தது.

மேலப்பாளையத்தில், செல்போன் கடையின் பின்னறையில்,
மணிக்கு முப்பது ரூபாய்க்கு விளையாடுகிறார்கள்.
பார்க்கத்தான் போனேன்.
செய்யது மசூது என்று ஒரு பையன்,
பதினாலாம் கட்டம்,
துப்பாக்கி முனையில் ஜெனரல்.
"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றது
பாபநாசம் வண்டியின் குரல்.
பையனின் விரல் நின்றது.
மூன்று விநாடி இருக்கும்,
அவன் உண்மையிலேயே யோசித்தான்.
அதற்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து
காவலாள் சுட்டுவிட்டான்.

"நல்லா பேசுதாம்ல" என்றான் மசூது,
கோபமில்லாமல்,
திரும்ப முதலிலிருந்து தொடங்கினான்.
பாலம், பனி, பூட்ஸ் இல்லாத பிணங்கள்,
மறுபடி அதே அறை.

இந்தத் தடவை
ட்ரோவிக் நாற்காலியிலிருந்து எழுந்து
முகத்தைத் திருப்புவதற்குள் சுட்டான்.
பதினொன்றும் வாய்க்குள்ளேயே கிடந்தன.

பதிமூன்றே முக்கால் ரூபாய்.