ஒரு சாண்

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு
பம்பலப்பிட்டியில் ஹில்மியின் கடை
பாதி ஷட்டர் இறக்கியிருக்கும்.
உள்ளே நாங்கள் நாலு பேர்,
பிளேன் டீ, மீன் பணிஸ்,
ஒருவரும் இன்னும் முடிக்காத பாட்டுகளைப் பற்றிய பேச்சு.

அந்தப் பெண் குனிந்து வந்தாள்.
கையில் கீறல் விழுந்த ஃபோன்.
"வீட்டில குரல் பதியோணும் அண்ணா.
ஃபேன் சத்தமும் சேர்ந்து விழுது.
என்ன செய்யலாம்?"

அவ்வளவுதான் கேட்டாள்.

"ஃபோனிலயோ?" என்றான் றெஜினோல்ட்.
அந்த 'யோ'வுக்குள்
அவனுடைய மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இருந்தது.

"அறையைச் சரிக்கட்டாமல் ஒண்டும் வாங்காதேங்கோ,
நாலு மூலைக்கும் ராக்வூல் அடியுங்கோ" என்றான் சபேசன்.
"வாடகை வீடு,
ஆணி அடிக்கவே விடமாட்டினம்" என்றாள்.
அது யார் காதிலும் விழவில்லை.
கண்டென்சரா டைனமிக்கா என்று
பதினைந்து வருடப் பழைய சண்டை
அதற்குள் தொடங்கியிருந்தது.
காலி வீதியில் இரண்டு பஸ் போட்டிக்கு ஓடும்போது
மஞ்சள் கோட்டு நடுவில் அகப்பட்டவள் போல
அவனையும் இவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

நான் நல்லவன். நான் சிரிக்கவில்லை.
"முதல்ல கொஞ்சம் வாசிச்சிட்டு வாங்கோ தங்கச்சி,
எல்லாம் எழுதிக் கிடக்கு" என்றேன்.
கதவைச் சத்தமில்லாமல் சாத்துபவனின் கருணை.

இதே வசனத்தை எனக்கும் ஒருவர் சொன்னார்,
கொட்டாஞ்சேனையில், எனக்குப் பத்தொன்பது வயதில்.
கசெட் டெக்கைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.
ஒரு பக்கம் மட்டும் ஏன் கேட்கவில்லை?
திரும்பி நடந்தே வந்தேன்.
ஒரு வயர் கழன்றிருந்தது. வேறொன்றுமில்லை.
அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம்.

கிளினிக் கார்டின் பின்பக்கத்தில்
நாங்கள் சொன்ன நம்பர்களை எல்லாம் எழுதினாள்.
நாலு பேருக்கும் தனித்தனியாகத் தேங்க்ஸ் சொன்னாள்.
கார்டைக் கண்டேன்.
வாசிக்கவில்லை.

அடுத்த சனி ஹில்மிதான் சொன்னான்:
"அந்தப் புள்ள திரும்பி வந்திச்சு.
மகன்ட காதுல மெசின் வெச்சிருக்காம்,
இப்பதான் கேக்கத் தொடங்குறானாம்.
அவக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி.
இல்லாத நேரம் போட்டுக் காட்ட
அவட குரல் வேணுமாம்.
பால். பந்து. பூனை. அப்பிடி."

ஃபேனையும் அம்மாவையும்
அவனால் இன்னும் பிரித்துக் கேட்க முடியாதாம்.

சபேசன் சீனி போடாத டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
றெஜினோல்ட் ஒரு கேபிளைச் சுற்றினான், கழற்றினான், சுற்றினான்.
நம்பர் இருக்கா என்று கேட்டேன்.

அன்றிரவு எழுதி அனுப்பினேன்:
'ஃபேனை நிப்பாட்டுங்கோ.
அலுமாரியைத் திறந்து சாறிகளுக்கு முன்னால இருங்கோ.
வாயிலிருந்து ஃபோன் ஒரு சாண் தூரம்.'
மூன்று வரி.
என்னிடமிருந்து புறப்பட எட்டு நாள்.

பதில் விடியப்புறம் வந்தது:
'நன்றி அண்ணா. வியாழக்கிழமை கரண்ட் போன நேரம்
பதிஞ்சிட்டன்.
புழுக்கத்தில அவன் எழும்பிட்டான்,
மடியில வச்சுக்கொண்டுதான் பதிஞ்சன்.
ஒழுங்கை முழுக்க ஒரு ஃபேனும் இல்லை.
கடல் மட்டும் பின்னால கேட்குது.
அதை எப்படி எடுக்கிறது?'

'எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப்போட்டு' என்று
தொடங்கினேன்.
விரல்களுக்கு வேறு பாஷை தெரியாது.
ஃபில்டரின் பெயர், சரிவு, டெசிபெல்,
பாதித் திரை நிரம்பிவிட்டது.

யன்னலைத் திறந்தேன்.
தண்டவாளத்துக்கு அப்பால் அது
கிடந்து இரைந்துகொண்டிருந்தது.
இருபது வருடமாக ஒவ்வொரு பாட்டிலிருந்தும்
நான் அதை வெட்டி எறிந்திருக்கிறேன்.

எழுதியதை அழித்தேன்.
நாலு பேரில் ஒருவரும் கேட்காததை
எழுத்துக்கூட்டி எழுதினேன்:

'கடல் இருக்கட்டும்.
மகனுக்கு என்ன பேர்?'