நான்காம் குழி

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கே
கார் டிக்கியில் புல்லை ஏற்றிவிடுவேன்.
ஒரு முழம்கூட இல்லாத பிளாஸ்டிக் புல்.
துக்கானில் கோல்ஃப் ஆட வேண்டுமென்றால்
புல்லை நாமேதான் கொண்டுபோக வேண்டும்.

பெயரிலேயே துக்கம் இருக்கிற ஊர் என்பார் வில்ஃபிரட்.
அரபியில் புகை என்று அர்த்தமாம்.
என் ஆட்டத்துக்கு இரண்டும் பொருந்தும்.

வெள்ளையடித்த கற்களுக்கு உள்ளே மணல்,
வெளியேயும் அதே மணல்.
வெளியே விழுந்தால் மட்டும் புல்லுக்கு அனுமதி இல்லை.
ஆரஞ்சு நிறப் பந்து
ராத்திரி நடந்துபோன ஒட்டகத்தின் கால்தடத்தைத் தேடிப்பிடித்து
முட்டை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வருஷம் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆடினேன்,
காற்றிடம், கையுறையிடம்,
காத்து நின்ற குல்ஸமானிடம்.
"பந்து உங்கள் மேலதிகாரி இல்லை, மேடம்" என்றார்,
ஐம்பது டன் கிரேனில் உட்கார்ந்து
ஒரு வால்வைத் தூங்குகிற பிள்ளையைப் போல
இறக்கிவைக்கிற மனிதர்.
அன்று அவரும் ஒன்பது அடித்தார்.

நான்காம் குழி என்னைத் தின்றது.
நாலு அடியில் முடிக்க வேண்டியது.
பதினொன்று. பதினொன்று. பத்து.
பன்னிரண்டு என்று நான் எழுதும்போது
வில்ஃபிரட் வேறு பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்தார்.
முனையில் ரப்பர் இல்லாத பென்சில்.

என் வேலையோ பிறர் பிழை பார்ப்பது.
குழாய் இணைப்புகளின் எக்ஸ்ரே படங்கள்,
விளக்குப் பெட்டி, கறுப்புப் புள்ளி, கறுப்புக் கோடு,
இரும்போடு இரும்பு ஒட்டாமல் போன இடம்.
ரிஜெக்ட் என்று ஒரு குத்து.
வெட்டு, அரை, மறுபடி பற்றவை.
வெல்டரின் முகம் பார்த்ததில்லை, எண் மட்டும்.

மார்ச் மாதம். ஷமால் இரண்டு நாள் அடித்து ஓய்ந்த காலை.
குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றிய பழுப்பு மணல்
பூசி முடித்த சிமென்ட் போலக் கிடந்தது.
ஆறடி தூரம். தட்டினேன்.
குழியின் இடது உதட்டைத் தொட்டு,
வேண்டாம் என்று விலகிப் போனது.
வழக்கம்போல ஸாரி சொல்ல வாயெடுத்தவள்
குனிந்தேன்.

மணலில் ஒரு கோடு.
என் பந்து போன வழி.
நான்கடி நேராக வந்து
ஐந்தாவதில் மனம் மாறி இடது பக்கம் சாய்ந்திருந்தது.
எத்தனையோ பேருடைய கோடுகளைப் பார்த்தாயிற்று.
என்னுடையதை
முழங்கால் மடக்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தடம் அழிக்கிற பாயை இழுத்துவந்தார் குல்ஸமான்,
பின்னால் வருகிறவர்களுக்காக.
"ஒரு நிமிஷம்" என்றேன்.
நின்றார்.
தூரத்தில் கேஸ் சுடர் எந்த அவசரமுமில்லாமல் எரிந்தது.
"அந்தச் சரிவு எனக்குத் தெரியும்,
மூன்று வருஷமாக அங்கேதான் விழுகிறேன்."
"சொல்லியிருக்கலாமே."
"நீங்கள் எங்கே நின்றீர்கள்?
ஸாரி சொல்லிவிட்டு ஓடிவிடுவீர்கள்."

அன்றைக்கும் எட்டு.

ஞாயிறன்று நாற்பத்தேழாம் எண்ணை வரச்சொன்னேன்.
சுடலைமுத்து, பணகுடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றார்,
வேலை போய்விட்டது என்கிற முகத்தோடு.
விளக்கைப் போட்டுக் கோட்டின் மேல் விரலை வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"இருவது வருசத்துல யாரும் படத்தைக் காட்டுனதில்லம்மா" என்றார்.
அப்புறம், தனக்குத்தானே போல,
"கை மாத்துத இடத்துல ஒரு நொடி நிப்பேன். அதான் இது."

அடுத்த வாரம் அவர் படம் வந்தது.
அந்தக் கோடு இல்லை.
கீழே, வேறொரு ஓரத்தில், மூன்று புள்ளிகள்.
ரிஜெக்ட் என்று குத்திவிட்டு
அவருக்கு போன் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அதே ஆறடி.
பந்து இந்த முறை குழியின் வலப்பக்கம் போனது.
குல்ஸமான் கைதட்டினார்.