அரைப்பேர்

போதகர் சொல்லிக்கொண்டிருந்தார்:
ஆட்டுத்தோலில் வேதம் நகலெடுக்கிறவன்
ஆண்டவரின் பேர் வரும் இடத்தில்
நாணலைக் கீழே வைத்துவிட்டுப் போய்
முழுகி வருவானாம்.
எழுதும்போது அரசனே கூப்பிட்டாலும்
நிமிரமாட்டானாம்.
அந்தப் பேரில் ஓரெழுத்துப் பிசகினால்
தோலையே புதைப்பார்களாம்,
பிணம்போல.

மூன்றாம் வாங்கில் எனக்கு இருமல் வந்தது.

நேற்று பொகவந்தலாவைப் பனிக்குள்
தராசுமுள் பதினெட்டைத் தொட்டு நின்றது.
துரை லேசாகக் கனைத்தார்.
ஈரத்துக்கு இரண்டு,
சாக்குக்கு ஒன்று கழித்து
எப்சிபாவுக்கு அரைப்பேர் போட்டேன்.
பேனை எங்கும் தயங்கவில்லை.

முன்வாங்கில் அவள்
பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.
திரும்பவேயில்லை.

ஆராதனை முடிந்ததும்
குழாயடியில் நெடுநேரம் நின்றேன்.
மலைத்தண்ணீர், எலும்புவரை குளிர்.
செக்ரோல் ஆபீஸ் அலுமாரியில்.
சாவி
என் இடுப்பில்.