பிடித்து வைத்த தொகை

மடிவாளா சந்தைக்குப் பின்னால்
டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
வாடகைக் கார் ஆபீஸ்.
ஒரு நாளைக்கு, ஓசூர் வரைக்கும் என்றேன்.
"டெபிட் ஆகல்ல மேடம், கிரெடிட் கார்டுதான்"
என்றான் சன்னபசவா.

என்னிடம் இருந்தது ஒன்று.
புடைத்த எழுத்தில் பூங்கோதை தணிகைவேல்.
ஆதாரிலும் பாஸ்புக்கிலும்
எப்போதோ பிரித்தெடுத்துவிட்ட இரண்டு பெயர்கள்
இந்த ஒரு பிளாஸ்டிக்கில் மட்டும்
இன்னும் குடித்தனம் நடத்துகின்றன.

பத்தாயிரம் பிடித்து வைப்போம் என்றான்.
எடுத்துக்கொள்வீர்களா?
எடுப்பதில்லை மேடம், பிடித்து வைப்பது.
பணம் உங்களுடையதுதான்.
நீங்கள் தொட முடியாது,
நாங்களும் தொட மாட்டோம்,
வண்டி திரும்பி வரும்வரை.

எனக்கு அந்த ஏற்பாடு புதிதில்லை.
பதினாறு மாதமாக அதில்தான் இருக்கிறேன்.

கார்டின் முதல் உரிமையாளன் அவன்;
ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும்.
கூப்பிட்டேன். எதற்கென்று கேட்கவில்லை.
நாலு, ஒன்பது, ஒன்பது, சைபர், ரெண்டு, ஏழு.
"பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள், லேட் பண்ணாதே" என்றான்.
அந்தக் கோர்ட்டுக்கு வரத்தான்
இந்த வண்டி என்று நானும் சொல்லவில்லை.

வெள்ளை ஸ்விஃப்ட்.
போனில் வீடியோ எடுத்தபடி சன்னபசவா வலம்வர
பின்னாலேயே நானும் எண்ணிக்கொண்டு வந்தேன்.
முன் பம்பரில் மூன்று, இடது கதவில் ஐந்து,
டிக்கி மூடியில் ஒன்று, கண்ணாடி விளிம்பில் இரண்டு.
எனக்கு முன்னால் விழுந்த பதினொரு கீறலுக்கும்
என்னுடையவை அல்ல என்று கையெழுத்து.
கல்யாணத்தில் மூன்று கேமராக்கள் இருந்தன.
ஒன்றுகூட இந்த வேலையைச் செய்யவில்லை.

ஒப்பந்தம் ஆறு பக்கம்.
சில்க் போர்டு சிக்னலில் முழுவதும் படித்து முடித்தேன்,
இரண்டாம் முறையும் படிக்க நேரம் இருந்தது.
சேதம் பத்தாயிரம் வரை உங்கள் பொறுப்பு.
பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகை உங்கள் பொறுப்பு.
யார் மோதினாலும்,
நிற்கும் வண்டியில் வந்து யாரோ மோதினாலும்
கையெழுத்திட்டவர் பொறுப்பு.
மேம்பாலத்தில் ஃபாஸ்டாக் ஒருமுறை கூவியது.

கோர்ட் வாசலில் நின்றிருந்தான், இளைத்திருந்தான்.
வேப்பமரத்தடியில் இடம் காட்டி
பின்னால் நின்று கையசைத்தான்.
வா. வா. இன்னும் வா. லெஃப்ட் ஒடி. வா.
போதும்!
எப்போதும்போல் அந்தப் போதும்
ஒரு முழம் தாமதம்.

பின் பம்பரில் பன்னிரண்டாவது.
குந்தி உட்கார்ந்து
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.
பெயின்ட்டே போயிருக்கு, என்றான்.
உள்ளே நீதிபதி
சொந்த விருப்பத்தில்தானா என்று
அவனைக் கேட்டார், பிறகு என்னைக் கேட்டார்.
எட்டு நிமிடம்.

ராத்திரி ஒன்பதரைக்கு டார்ச் அடித்து
சன்னபசவா கண்டுபிடித்தான்.
சுண்டுவிரல் நீளம். சுவரா, மரமா என்றான்.
மரம்.
யாராவது பின்னாடி பார்த்துச் சொல்லியிருக்கணும் மேடம்.
சொன்னார்கள் என்றேன்.

ஒன்பதாம் நாள் பில்.
கீறலுக்கு ஐயாயிரத்து இருநூறு,
பட்டறையில் இரண்டு நாள் ஆயிரத்து எண்ணூறு,
ஜிஎஸ்டி சேர்த்து எட்டாயிரத்து இருநூற்று அறுபது.
வங்கி அவனிடம் கேட்ட கேள்வியை
ஒரு சொல்லும் சேர்க்காமல் எனக்கு அனுப்பினான்:
இந்தச் செலவைச் செய்தவர்
உங்கள் குடும்ப உறுப்பினரா?
ஆம். இல்லை.
இரண்டு வட்டமும் காலியாகவே இருந்தன.

நாலாயிரத்து நூற்று முப்பது ஜிபேயில் போட்டேன்.
குறிப்பு எழுதும் இடத்தில்
வந்ததற்குப் பாதி என்று எழுதினேன்.
வா என்றதற்கு மீதி.

இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

பிடித்து வைத்ததில் மிச்சம்
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
விடுவிக்க ஏழு வேலை நாள் ஆகுமாம்.
ஞாயிறும் இரண்டாம் சனியும்
கணக்கில் சேராதாம்.