பில் இல்லாத சரக்கு

ஊசியை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்:
"பில்லு எங்கே?"

கொழிஞ்சாம்பாறை, காலை ஆறே முக்கால்.
ஆடிக் காற்று கணவாய் வழியே நுழைந்து
கொடியில் கிடந்த லுங்கியைப்
பக்கத்து வீட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தது.
ஆறுச்சாமி, வேலந்தாவளம் வரிச் சாவடியில்
இருபத்தொன்பது வருஷம்.
இப்போது படுக்கையறை வாசலில் நாற்காலி போட்டு
மனைவியை, பால்காரரை, பூனையை
மறித்துக் கேட்கிறார்.
பூனை மட்டும் நிற்பதில்லை.

"நேத்து எம்பேரைக் கேட்டாருங்க," என்றார் பூவாத்தாள்.
"சொன்னேன். வண்டி நம்பரும் வேணும்னாரு."
சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்,
சிரித்திருக்கக் கூடாது.

நான் ஆய்வகத்தின் ஆள்.
பத்து மில்லி ரத்தம், ஐஸ் பெட்டி,
ஒன்பதுக்குள் கோவை.
நாங்கள் தேடுவது குமிழிகளை.
ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாய் அரிந்தால்
ஒரு துண்டு இருக்குமே, அந்த அளவு.
செல் தன் தோலையே கிள்ளி
முடிச்சிட்டு வெளியே எறிகிறது.
குப்பை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.
யாரோ பிரித்துப் பார்த்தபோது
உள்ளே சரக்கு.

மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலும்
ஒரு சாவடி உண்டு. கறாரானது.
மருந்து வண்டிகள் பெரும்பாலும் அங்கேயே திரும்பும்.
இந்தக் குமிழிகளில் சில மட்டும்
கோழி லாரிக்கும் தக்காளி லாரிக்கும் இடையே
விளக்கணைத்து ஊரும் சின்ன வண்டி போல
எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன,
உள்ளே நடப்பதன் துண்டுச் சீட்டோடு:
முறுக்கிக்கொண்ட டௌ, பிசுபிசுத்த அமிலாய்டு.
மண்டையைத் திறக்காமல்
முதுகில் குத்தாமல்
முழங்கை மடிப்பிலிருந்தே படித்துவிடலாம்
என்று நம்புகிறோம்.
நம்புகிறோம் என்ற சொல்லைப் படிவத்தில்
கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறோம்.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"அதுலயே கள்ளச் சரக்கும் வரும்.
பில்லு சுத்தமா இருக்கற வண்டியத்தான்
மொதல்ல பிரிக்கோணும்."

சரிதான்.
பழுதான புரதத்தை அடுத்த செல்லில்
இறக்கிவிட்டுப் போவதும்
இதே குமிழிகள்தானோ என்று
எங்களுக்கும் சந்தேகம்.

கேட் வரைக்கும் வந்தார் பூவாத்தாள்.
"அந்த வண்டியிலயே மருந்தை ஏத்தி அனுப்ப முடியாதுங்களா?"
எங்கள் தலைவர் நிதி கேட்டு
நாற்பது பக்கத்தில் எழுதிய கேள்வி.
முடிகிறது, எலிகளுக்கு. மூக்கு வழியாக.
மறந்த வழியை அவை மறுபடி கண்டுபிடித்தனவாம்.
"எலிக்கு," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"சரி, அதாவது."

விட்டுவிட்டேனே, கையெழுத்து.
குழாயின் லேபிளைத்தான் பில்லாக நீட்டியிருந்தேன்.
சரக்கு: ரத்தம். அளவு: பத்து மில்லி. சேருமிடம்: கோவை.
வரி வரியாய் விரல் வைத்துப் படித்து
பார்கோடின் மேலேயே போட்டார்,
கோணாத கையெழுத்து.
கீழே தேதி: பதினொன்று, மூன்று, தொண்ணூற்றெட்டு.
"போலாம்."

ஸ்கேனர் அதைப் படிக்காது.
தெருமுனையில் பைக்கை நிறுத்தி
வேறு லேபிள் ஒட்டினேன்.
உரித்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
வேலந்தாவளம் தாண்டினேன்.
கம்பத்தை எடுத்து வருஷங்களாகிறது.
வேகத்தைக் குறைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.