பதின்மூன்று புள்ளி எட்டு

அரிச்சந்திரா நதியின் கடைமடையிலிருந்து
பாலித்தீன் பையில் வந்தது துரு.
ஷட்டர் தூணை வெடிக்கவைத்து
வெளியே எட்டிப் பார்த்த கம்பியில் சுரண்டியது;
போட்டு ஆறு வருஷம்தானாம்.
"உங்க மில்லு கம்பி. உங்க லேப்லயே பாருங்க"
என்று மேசைமேல் வைத்துவிட்டு
உதவிப் பொறியாளர் திலகவதி
நின்றபடியே தண்ணீர் குடித்தார்.

அகேட் கல்வத்தில் அரைத்தேன்,
விரலிடுக்கில் நறநறப்பு நிற்கும்வரை.
காரைக்காலில் எங்கள் மெஷினுக்குக் கோபால்ட் குழாய்.
செம்புக் குழாயின் கதிர் பட்டால்
இரும்பு தானே ஒளிர்ந்து கூச்சலிடும்,
சொல்ல வந்தது காதில் விழாது.

மெஷின் நட்ட வயலை
ஓடும் ரயிலிலிருந்து பார்த்திருக்கிறீர்களா?
பச்சைக் குழப்பம், பச்சைக் குழப்பம்,
சட்டென்று ஒரு கோணத்தில்
வரப்புவரை வரிசை திறக்கும்,
மறுகணம் மூடிக்கொள்ளும்.
இதுவும் அவ்வளவுதான்.
திறக்கும் கோணங்களைக் குறித்துக்கொள்வதற்கு
மாதச் சம்பளம்.

நாற்பது நிமிஷம் ஓடியது.
தர மேலாளர் ஜெகபர் அலி என் நாற்காலிக்குப் பின்னால்.
இருபத்து நாலு புள்ளி ஏழில் ஒரு முகடு, வழக்கமான துரு.
பதினாறு புள்ளி நாலில் லெபிடோக்ரோசைட்,
ஈரம் கண்ட எந்தக் கம்பியிலும் இருப்பது.
ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால்,
பதின்மூன்று புள்ளி எட்டில்,
போர்வைக்குள் முழங்கால் மடக்கியது போல்
ஒரு மேடு.

அக்ககனைட்.
எங்கோ ஜப்பான் சுரங்கத்தின் பேர்.
அதன் படிகத்துக்குள் குறுகலான சந்துகள்,
சந்துகளில் குளோரைடு.
உப்பில்லாத இடத்தில் அது பிறப்பதில்லை.

"நம்ம கம்பி தப்பிச்சுது!"
மேலாளர் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார்.
திலகவதி எடுக்கவில்லை.
"உப்பு எப்படி வந்துச்சுன்னு வருமா மேடம்?"

கான்ட்ராக்டர் உவர்த்தண்ணியில் சிமெண்ட் குழைத்தாரா,
மேட்டூர்த் தண்ணி வராத கோடைகளில்
கடல் ஏறி வந்து
அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றதா?
இரண்டுக்கும் ஒரே கோணம்.

"அப்ப யார் மேல எழுதுறது?"

பிரிண்ட்டை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தார்,
மடிப்பு சரியாக அந்த மேட்டின்மேல் விழுந்தது.
தலைஞாயிறு பஸ் ஐந்தேகாலுக்கு.

அறிக்கையில் "காரணம்" என்ற கட்டம்
ஒரு சொல்லுக்குத்தான் அகலம்.
குளோரைடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்வத்தைக் கழுவ வடிநீர் இல்லை, கேன் காலி.
குழாயைத் திறந்தேன்.
ஃபேனடியில் காயவைத்த கல்வத்தின் உள்விளிம்பில்
சன்னமாய் ஒரு வெள்ளை வளையம்.
ஏற்றிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

ஸ்டோருக்குப் போன் போட்டேன்:
வடிநீர், இரண்டு கேன்.